ஒரே மெஷின், ஒரே பேட், ரெண்டு வெள்ளை மார்பிள்: ஒண்ணுல முகம் தெரியுது, ஒண்ணு மங்கல். கல்லுலயா பிரச்சனை?

வெள்ளைத்தளம்
வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருக்கேன், இதான் முதல் பதிவு. ஹால்ல ஒரு வெள்ளை மார்பிள், உள் ரூம்ல வேற லாட் வெள்ளை மார்பிள். பில்லுல ரெண்டுக்கும் ஒரே பேர்தான். ஒரே ஆள், ஒரே மெஷின், 50ல ஆரம்பிச்சு 100, 200, 400, 800, 1500, 3000 வரைக்கும் ரெசின் டயமண்ட் பேட் (இதெல்லாம் கிரிட் எண், எண் கூடக் கூட துகள் மெல்லிசு), அப்புறம் வெள்ளை பாலிஷ் பவுடர் போட்டு தண்ணி தெளிச்சு ஓட்டினது, எல்லாமே ரெண்டு இடத்துலயும் அப்படியே. ஹால்ல நின்னு கீழ பாத்தா சீலிங் லைட்டோட ஓரம் கூட சுத்தமா தெரியுது. உள் ரூம்ல லைட் இருக்குன்னு தெரியுது, ஆனா ஓரம் கலங்கிப் போயிருக்கு. பாலிஷ் போட்டவரைக் கேட்டா "கல்லு அப்படிங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டார். நிஜமாவே கல்லுதான் காரணமா, இல்ல வேலைல குறையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சாணைக்காரன்
"கல்லு அப்படி"ங்கிறது எங்க ஆளுங்களுக்கு வசதியான பதில் தம்பி. பாதி நேரம் 100க்கும் 200க்கும் நடுவுல அவசரப்பட்டதை மறைக்கத்தான் அதைச் சொல்றது. 3000 பேட் போய் 100 போட்ட கோட்டை எடுக்காது, அந்தக் கோட்டோட ரெண்டு கரையையும் மினுக்கிட்டு போயிடும் அவ்ளோதான், மேல இருந்து பாத்தா பளபளன்னு இருக்கும் ஆனா உருவம் தெளியாது.

ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு டார்ச்சை தரையோட ஒட்டிப் படுக்க வெச்சு அடிச்சுப் பாரு. வளைஞ்சு வளைஞ்சு கோடு தெரிஞ்சா அது பேட் கோடு, வேலைல குறை, திரும்ப 200ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லு. கோடு இல்லாம வேற ஏதாவது தெரிஞ்சா வந்து சொல்லு, அது வேற கதை.

வெள்ளைத்தளம்
பாத்தேன் அண்ணா. கோடு எதுவும் இல்ல. ஆனா உள் ரூம்ல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, பொடிப் பொடியா மேடு, டார்ச் வெளிச்சத்துல ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி சின்னதா நிழல் விழுது, விரலுக்குத் தெரியல, பால்பாயிண்ட் பேனா முனையால இழுத்தா தட்டுது. ரெண்டாவது, சாம்பல் நிறத்துல ஒரு நரம்பு ஓடுது இல்லையா, அது முழுக்க லேசா குழிஞ்சிருக்கு, அங்க சுத்தமா பளபளப்பே இல்ல. ஹால்ல இது ரெண்டுமே கிடையாது.

நுண்ணோக்கி
இப்ப கல்லு பக்கம் வரலாம். நான் கல்லை மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல பாக்கிற வேலை பண்றேன், பாலிஷ் மெஷின் தொட்டதில்ல, அதனால வேலை பத்தி சாணைக்காரன் அண்ணன் சொல்றதுதான் சரி. கனிமம் பத்தி மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

மார்பிள்னா சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் திரும்பப் படிகமானது. அதுல முக்கியமா இருக்கிறது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். இல்லன்னா டோலமைட், அது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். மோஸ் கடினத்தன்மைல (1ல இருந்து 10 வரைக்கும் போற அளவுகோல், 10தான் ரொம்பக் கடினம்) கால்சைட் 3, டோலமைட் மூன்றரைல இருந்து 4. ரெண்டுமே வெள்ளை, வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இத்தாலியோட கராராவும் ராஜஸ்தானோட மக்ரானாவும் பெரும்பாலும் கால்சைட். கிரீஸ்ல தாசோஸ்ல கிடைக்கிற அந்த பனி வெள்ளை டோலமைட்.

சுத்தமான கால்சைட் மட்டும் இருந்தா எல்லா மணியும் (கல்லுல இருக்கிற குட்டிக் குட்டிப் படிகம்) ஒரே கடினம், பேட் எல்லாத்தையும் ஒரே வேகத்துல தேய்க்கும், பரப்பு சமமா வரும். சுத்தமான டோலமைட்டும் அப்படித்தான், கொஞ்சம் நேரம் கூட எடுக்கும். சிக்கல் எங்கன்னா கலப்புல. டோலமைட் பாறைல ஆரம்பத்துலயே கொஞ்சம் மணல், அதாவது சிலிக்கா கலந்திருந்தா, சூடு ஏற ஏற அது டோலமைட்டோட வினை புரிஞ்சு புதுக் கனிமங்களை உண்டாக்கும். முதல்ல டால்க், இன்னும் சூடானா ட்ரெமோலைட், அதுக்கும் மேல டயாப்சைட். டால்க்கோட கடினம் 1, நகத்தால கீறலாம். ட்ரெமோலைட் 5ல இருந்து 6, டயாப்சைட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. இப்ப யோசிங்க, கடினம் 1, 4, 6 மூணும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு, மேல ஒரே பேட் போகுது. டால்க் குழியும், டோலமைட் நடுவுல நிக்கும், ட்ரெமோலைட் மேடா நிக்கும். உங்க பேனா முனை தட்டினது அந்த மேடாத்தான் இருக்கணும்.

சாம்பல் நரம்பு வேற. வெள்ளை மார்பிள்ல சாம்பல் நிறத்துக்குப் பெரும்பாலும் கிராஃபைட்தான் காரணம், கூடவே அபிரகம் (மைக்கா), நுண்ணிய பைரைட்டும் இருக்கலாம். கிராஃபைட் 1ல இருந்து 2, அபிரகம் ரெண்டரை மூணு, அதுவும் தகடு தகடா உரியும். பேட் போனா அது தேயாது, பிச்சுக்கிட்டு வரும். குழி அதனாலதான்.

சந்தேகசாமி
எனக்கு ஒரு டவுட்டு மேடம். கடினமான கல்லுதானே நல்லா பளபளக்கணும்? கிரானைட் 6, 7ன்னு சொல்றாங்க, அது மார்பிளை விட சூப்பரா மின்னுது. அப்ப டோலமைட் கால்சைட்டை விட நல்லா மின்னணும்ல? உள் ரூம் டோலமைட்டா இருந்தா அதுதானே ஜெயிக்கணும், லாஜிக் இடிக்குதே.

க்ளாஸ்மீட்டர்60
இதுக்கு நான் வரேன், என் பிழைப்பே பளபளப்பை அளக்கிற மீட்டரைத் தூக்கிக்கிட்டு அலையிறதுதான்.

பளபளப்புக்கும் கடினத்துக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. கடினம் பளபளப்பு எத்தனை நாள் நிக்கும்னு சொல்லும், எவ்ளோ வரும்னு சொல்லாது. எவ்ளோ வரும்னு சொல்றது ரெண்டு விஷயம். ஒண்ணு ஒளிவிலகல் எண் (உள்ள போகும்போது ஒளி எவ்ளோ வளையுதுங்கிற கணக்கு, அது கூட இருந்தா பிரதிபலிப்பும் கூட), ரெண்டாவது பரப்போட மேடு பள்ளம்.

ஒளிவிலகல் எண்ல மார்பிள் ஒண்ணும் இளைச்சது இல்ல. கால்சைட் விசித்திரமான ஆளு, அதுக்கு ரெண்டு எண், 1.658, 1.486. சராசரியா 1.6ன்னு வெச்சுக்கிட்டா நேரா விழுற வெளிச்சத்துல 100க்கு 5 பங்குக்குக் கொஞ்சம் மேல திரும்பி வரும். கிரானைட்ல இருக்கிற குவார்ட்ஸ் 1.54, 1.55, அங்க நாலரைக்குச் சொச்சம்தான். டோலமைட் 1.68, 1.50, கால்சைட்டுக்கு ஒரு துளி மேல. அதாவது பரப்பு சரியா வந்துட்டா மார்பிள், கிரானைட், டோலமைட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல நிக்கும்.

அப்ப கறுப்பு கிரானைட் ஏன் அப்படி மின்னுதுன்னா, அங்க திரும்பி வர்ற அந்த 5 பங்கைத் தவிர வேற வெளிச்சமே வராது, உள்ள போனதெல்லாம் உள்ளயே போச்சு. வெள்ளை மார்பிள்ல உள்ள போன வெளிச்சம் மணிகளோட எல்லைல முட்டி மோதி சிதறி திரும்ப வெளிய வரும், அந்த வெள்ளை வெளிச்சம் பிரதிபலிப்பு மேலயே கலந்து அதை வெளிறச் செய்யும். மீட்டர் ரெண்டுக்கும் பக்கத்துப் பக்கத்து எண் காட்டும், கண்ணு மட்டும் கறுப்புக்கு ஓட்டு போடும்.

இப்ப மேடு பள்ளம். ஒரு பரப்பு ஒளியியல் கணக்குல "வழவழப்பு"ன்னு எப்ப ஒத்துக்கிறாங்கன்னா, அதுல இருக்கிற மேட்டோட உயரம் ஒளியோட அலைநீளத்தை 8ஆல வகுத்ததை விடக் குறைவா இருக்கணும், சாய்வாப் பாத்தா அந்த வரம்பு தளரும். பச்சை வெளிச்சத்துக்கு 550 நானோமீட்டர்னு வெச்சா நேரா மேல இருந்து பாக்கிறவனுக்கு வரம்பு சுமார் 70 நானோமீட்டர். 60 டிகிரி சாய்ஞ்சு பாத்தா 140. தரையோட கண்ணை வெச்சு 85 டிகிரில பாத்தா 800க்குப் பக்கத்துல. அதனாலதான் ஜன்னலுக்கு எதிர்ல உக்காந்து தூரமா பாத்தா 400 கிரிட்ல நிறுத்தின தரை கூட மின்னும், பக்கத்துல வந்து குனிஞ்சா காணாமப் போயிடும். கல்லு வாங்கும்போது கடைக்காரன் உங்களை எங்க நிக்க வைக்கிறான்னு பாத்துக்கோங்க :)

சந்தேகசாமிக்கு நேரடி பதில்: டோலமைட்ல 70 நானோமீட்டர் வந்தா அது மின்னும். ட்ரெமோலைட் மேடு ஒரு மைக்ரான் நின்னாலே அது 1000 நானோமீட்டர். கணக்கு அங்க அடிபடுது.

சந்தேகசாமி
ஓகே அந்த 5 பங்கு மேட்டர் புரிஞ்சுது, நல்லா சொன்னீங்க. ஆனா தாசோஸ் டோலமைட்டுன்னு மேடம் சொன்னாங்க, அது கண்ணைப் பறிக்குதே. அப்ப டோலமைட்டு மேல பழி போடாம அந்த பொடி மேடு மேல போடுங்க.

நுண்ணோக்கி
பழி முழுக்க மேட்டு மேலதான்னு சொல்ல மாட்டேன். மணி அளவும் மணியோட எல்லையும் இருக்கு.

கால்சைட்டுக்கும் டோலமைட்டுக்கும் மூணு திசைல பிளவுத் தளம் இருக்கு, அடிச்சா சாய்சதுரமா உடையும். கரடுமுரடான 50, 100 கிரிட் போகும்போது மேல இருக்கிறது மட்டும் தேயல, அடியில பிளவு வழியா விரிசலும் இறங்குது. பெரிய மணியா இருந்தா அந்த விரிசல் நீளமா ஓடும், பின்னாடி மெல்லிசு கிரிட்ல வரும்போது ஒரு துண்டு பெயர்ந்து குட்டிக் குழி விழும். பொடி மணியா இருந்தா விரிசல் அடுத்த மணியோட எல்லைல நின்னுடும்.

எல்லை எப்படி இருக்குங்கிறது இன்னும் முக்கியம். சில மார்பிள்ல மணிகள் நேர்க்கோட்டு ஓரத்தோட பலகோணமா அடுக்கி இருக்கும், சிலதுல ஓரம் நெளிஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கிட்டு இருக்கும். நேர் ஓரம் இருக்கிறது சுலபமா விட்டுப் போகும். இதுல கால்சைட்டோட ஒரு குணமும் சேருது. சூடானா அது ஒரு அச்சுல விரியும், அதுக்குக் குறுக்கே சுருங்கும். ஆமா, சுருங்கும். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசை பாத்து உக்காந்திருக்கிறதால வெயில்ல சூடாகி ராத்திரி குளிர்ந்து திரும்பத் திரும்ப இப்படியானா எல்லை தளர்ந்து மேல்பரப்பு சர்க்கரை மாதிரி உதிர ஆரம்பிக்கும். சிகாகோல 1970கள்ல கராரா மார்பிள் போர்த்திக் கட்டின அமோக்கோ கட்டடத்துல தகடுகள் வளைஞ்சு போய், 1990ல இருந்து 1992க்குள்ள முழுக்கக் கழட்டி கிரானைட் மாட்டினாங்க. வீட்டுக்குள்ள இந்த அளவு போகாது, ஆனா ஜன்னலோரம் வெயில் விழுற பட்டை மட்டும் எவ்ளோ பாலிஷ் போட்டாலும் சீக்கிரம் மங்குதுன்னு யாராவது சொன்னா எனக்கு ஆச்சரியம் இல்ல.

சாணைக்காரன்
மேடம் சொன்ன அந்த பெயர்ந்து வர்ற சமாச்சாரம் நிஜம். பெரிய மணி கல்லுல 50ஐ விட்டுட்டு 100ல ஆரம்பிச்சு நிதானமா ஓட்டினா கடைசில குழி குறையும், மெஷின் மேல கூடுதல் வெயிட் வைக்கக் கூடாது. நம்ம பசங்க வெயிட் ஏத்தினா வேலை சீக்கிரம் முடியும்னு நினைக்கிறாங்க.

பொடி மேட்டுக்கும் ஒரு கை வைத்தியம் இருக்கு. மெத்துன்னு வளையிற பேட் போட்டா அது மேட்டுல ஏறிப் பள்ளத்துல இறங்கி எல்லாத்தையும் தடவும், மிருதுவான கல்லை இன்னும் தோண்டும். விறைப்பா இருக்கிற பேட் போட்டா மேட்டோட தலையைத்தான் முதல்ல வெட்டும். கலப்புக் கல்லுக்கு விறைப்புப் பேட், கடைசி வரைக்கும். அப்புறம் அந்த வெள்ளைப் பவுடர், அது எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. எனக்கு அனுபவம்தான், காரணம் யாராவது கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

க்ளாஸ்மீட்டர்60
பவுடர்ல பொதுவா ரெண்டு சரக்கு. அலுமினியம் ஆக்சைடு இல்லன்னா டின் ஆக்சைடு, அது தேய்க்கிறதுக்கு. கூடவே ஆக்சாலிக் ஆசிட், அது கால்சைட்டோட வினை புரியறதுக்கு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டா கால்சைட் கரைஞ்சு ஓடிப்போகும், குழி விழும், பாத்ரூம் கழுவுற ஆசிட் சிந்தின இடம் சாக்பீஸ் நிறத்துக்குப் போறது அதான். ஆக்சாலிக் அப்படி இல்ல. அது உண்டாக்குற கால்சியம் ஆக்சலேட் தண்ணில கரையவே கரையாதுன்னு சொல்லலாம், அதனால அது அங்கயே மெல்லிய படலமா உக்காந்து ஆசிட் மேற்கொண்டு கீழ தோண்ட விடாது. மேட்டோட உச்சில பேட் அந்தப் படலத்தைத் தேய்ச்சு எடுக்கும், உச்சி மட்டும் திரும்ப வினை புரியும், பள்ளம் பாதுகாப்பா இருக்கும். இப்படியே மேடு இறங்கி இறங்கி அந்த 70 நானோமீட்டர் கிட்ட வருது. வெறும் டயமண்ட் 3000 தனியா அங்க கொண்டு போறது கஷ்டம்.

டோலமைட்ல இது தடுமாறும். குளிர்ந்த நீர்த்த ஆசிட்ல அது ரொம்ப மெதுவாத்தான் வினை புரியும், உண்டாகிறதுல பாதி மெக்னீசியம் ஆக்சலேட், அது கால்சியம் ஆக்சலேட்டை விட நல்லாவே கரையும், படலம் சரியா கட்டாது. அதனால ஹால் கால்சைட்டுக்கு எடுத்த அதே பவுடர், அதே நேரம் உள் ரூம்ல பத்தாமப் போறது இயல்பு. அங்க தேய்க்கிற சரக்கை நம்பணும், ஆசிட்டை இல்ல. ஆசிட் அதிகமா போட்டுக் காய விட்டு ஓட்டினா கால்சைட்லயும் ஆபத்து, பரப்பு முழுக்க ஆரஞ்சுத் தோல் புள்ளி வந்துடும். ஆக்சாலிக் விஷம், கையுறையும் மாஸ்க்கும் இல்லாம தொடாதீங்க, பொடியா மூக்குல ஏறும்.

கறுப்பு_கோடு
இழையைத் திசை திருப்புறதுக்கு மன்னிக்கணும், ஆனா சம்பந்தப்பட்டதுதான். எங்க வீட்டுல வெள்ளை மார்பிளுக்குச் சுத்தி கறுப்பு கிரானைட் பார்டர், நடுவுல பச்சை மார்பிள் டிசைன். மெஷின் ஓட்டி முடிச்சதும் பார்டர் பக்கத்துல வெள்ளை குழிஞ்சிருக்கு, பச்சைல பவுடரே பிடிக்கல. மூணுக்கும் ஒரே பளபளப்பு கொண்டு வர முடியுமா?

சாணைக்காரன்
கிரானைட்டும் மார்பிளும் சேர்த்து மெஷின் ஓட்டினா அந்தக் குழி வந்தே தீரும். 3ஐயும் 6ஐயும் ஒரே பேட் எப்படிச் சமமா தேய்க்கும். பார்டரை ஃபேக்டரில பாலிஷ் பண்ணினதா வாங்கி, மார்பிளை விட நூல் அளவு கூட மேல வராம பதிச்சு, டேப் ஒட்டி, பெரிய மெஷின் அது மேல ஏறாம ஓட்டணும். ஓரத்தை கை மெஷின்ல முடிக்கணும். இப்ப குழி விழுந்துட்டதுன்னா சுத்தி அகலமா இறக்கி சரிவை நீட்டிவிடலாம், கண்ணுக்கு மறைக்கும், முழுசா போகாது.

நுண்ணோக்கி
பச்சை "மார்பிள்"ல பெரும்பாலானது செர்பென்டைன். மெக்னீசியம் சிலிகேட், கார்பனேட்டே இல்ல. அதனால ஆக்சாலிக் அங்க வினை புரிய ஆளே கிடையாது. வெறும் டின் ஆக்சைடு இல்ல அலுமினியம் ஆக்சைடுதான். வெள்ளை நரம்பு ஓடிச்சுன்னா அது கால்சைட்டா இருக்கலாம், எலுமிச்சை சாறு சிந்தினா நரம்பு மட்டும் செத்துப்போயிடும், பச்சை அப்படியே மின்னும். செர்பென்டைன் தண்ணி குடிச்சா வளையிற குணமும் உண்டு, மெல்லிய ஓடா இருந்தா சிமெண்ட்ல பதிக்கிறதை விட எபாக்சி பசை நல்லதுன்னு சொல்றது அதனாலதான். மார்பிளுக்கான ஏஎஸ்டிஎம் சி503ங்கிற அமெரிக்கத் தரக்குறிப்பு கால்சைட், டோலமைட்னு வகை பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் குறைந்தபட்ச அடர்த்தி போட்டிருக்கு, கன மீட்டருக்கு கால்சைட் 2595 கிலோ, டோலமைட் 2800. பில்லுல எல்லாமே "மார்பிள்".

பளிங்குராஜா
இவ்ளோ எதுக்குங்க, கிரிஸ்டலைசேஷன் பண்ணிடுங்க. கெமிக்கல் தெளிச்சு ஸ்டீல் வுல் போட்டு ஓட்டினா அரை மணி நேரத்துல எந்தத் தரையும் ஜொலிக்கும். ஹோட்டல் லாபி எல்லாம் அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

க்ளாஸ்மீட்டர்60
எந்தத் தரையும் இல்ல ராஜா. அதுல இருக்கிறது மெக்னீசியம் இல்லன்னா துத்தநாக ஃப்ளோரோசிலிகேட், கொஞ்சம் ஆசிட், சிலதுல மெழுகு. ஸ்டீல் வுல் உரசல் சூட்டுல அது கால்சைட்டோட வினை புரிஞ்சு கால்சியம் ஃப்ளோரைடு சார்ந்த படலம் உண்டாக்கும். ஃப்ளோரைடு கடினம் 4, கால்சைட்டை விட ஒரு படி மேல, அதனால நடமாட்டம் இருக்கிற இடத்துல கொஞ்சம் கூட நிக்கும், இது வரைக்கும் ஒத்துக்கிறேன். ஆனா அதோட ஒளிவிலகல் எண் 1.43. வெறும் பரப்பா எடுத்துக்கிட்டா கால்சைட்டை விடக் குறைவா பிரதிபலிக்கிற சரக்கு அது. பளபளப்பு கூடுறது நுண் குழியை நிரவுறதால. ஏற்கனவே ஒழுங்கா பாலிஷ் ஆன கால்சைட்ல மீட்டர் பெருசா நகராது, நகர்ந்தா பாலிஷ்ல குறை இருந்திருக்குன்னு அர்த்தம்.

செர்பென்டைன், கிரானைட்ல வினையே இல்ல, மெழுகு மட்டும் மின்னும். டோலமைட்ல அரைகுறை. ஈரமான வெள்ளைக் கல்லுல ஸ்டீல் வுல் துணுக்கு தங்கினா துரு, அதை எடுக்கிறது தனிப் போராட்டம்.

பளிங்குராஜா
மீட்டர் வெச்சு யாரும் தரையைப் பாக்கிறதில்ல சார், கண்ணால பாக்கிறாங்க. கஸ்டமர் சந்தோஷமா இருக்கார், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறார்.

சாணைக்காரன்
ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறார்ங்கிறதை வேற மாதிரியும் படிக்கலாம் ராஜா.

சந்தேகசாமி
:D :D

சரி, வெள்ளைத்தளம் கல்லு டோலமைட்டுதானான்னு யாருமே இன்னும் உறுதி பண்ணல. எல்லாம் ஊகம். லேப் இல்லாம வீட்டுலயே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

நுண்ணோக்கி
இருக்கு, வெட்டி மிச்சமான துண்டு இருந்தா. ரெண்டு சோதனை பண்ணலாம்.

முதல்ல ஆசிட். துண்டோட பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்துல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஒரு சொட்டு. கால்சைட்னா உடனே நுரைக்கும். டோலமைட்னா சும்மா கிடக்கும், ஆணியால சுரண்டி பொடி ஆக்கி அந்தப் பொடி மேல விட்டா மெதுவா நுரைக்கும். வினிகர் இதுக்கு வீக். கண்ணாடி, கையுறை போட்டுக்கோங்க, தரை மேல பண்ணிடாதீங்க.

ரெண்டாவது அடர்த்தி, இதுதான் எனக்குப் பிடிச்சது. கால்சைட் 2.71, டோலமைட் 2.86 கிட்ட. துண்டை கிராம் காட்டுற தராசுல எடை போடுங்க. அப்புறம் ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி தராசு மேல வெச்சு ஜீரோ பண்ணி, துண்டை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா மூழ்கற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் தொடக் கூடாது, நூலை நீங்க பிடிச்சுக்கணும். இப்ப தராசு காட்டுற கிராம்தான் துண்டோட கன அளவு, மில்லிலிட்டர்ல. முதல் எடையை இதால வகுங்க. பின்னாடி ஃபைபர் வலையும் ரெசினும் ஒட்டியிருந்தா சுரண்டி எடுத்துடுங்க, அது லேசு, கணக்கைக் கெடுக்கும்.

வெள்ளைத்தளம்
பண்ணிட்டேன் மேடம்! ஹால் துண்டு 386 கிராம், தண்ணில 143 காட்டுச்சு, 2.70. உள் ரூம் துண்டு 412, தண்ணில 145, வகுத்தா 2.84. ஆசிட்ல ஹால் துண்டு சொர்ருன்னு பொங்கிடுச்சு. உள் ரூம் துண்டு அப்படியே இருந்துச்சு, சுரண்டின பொடில மட்டும் ஓரமா கொப்புளம். ஆனா ஒரு விஷயம், ஆணியால சுரண்டும்போது நடுநடுவுல சில புள்ளில ஆணியே வழுக்கிட்டுப் போச்சு, கோடு விழல.

நுண்ணோக்கி
ஹால் கால்சைட், உள் ரூம் பெரும்பாலும் டோலமைட். ஆணி வழுக்கினது ட்ரெமோலைட், டயாப்சைட் இல்ல குவார்ட்ஸ். எதுன்னு சொல்ல சீவிப் பாக்கணும், பாலிஷுக்கு அது தேவையில்ல, எல்லாமே ஆணியை எதிர்க்கிற ஆளுங்கதான்.

சாணைக்காரன்
அப்ப இப்படிப் பண்ணு தம்பி. முழு ரூமையும் தொடாத, கட்டில் வர்ற மூலைல ரெண்டடிக்கு ரெண்டடி மட்டும் சோதனை. 200ல இருந்து திரும்ப ஆரம்பி, விறைப்புப் பேட், ஒவ்வொரு கிரிட்டுக்கும் ஹால்ல எடுத்ததை விட கூட நேரம், நடுவுல சேறை சுத்தமா கழுவி காய வெச்சு டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்தது. 200 துகள் ஒண்ணு பேட் அடியில மாட்டி 1500 வரைக்கும் வந்துச்சுன்னா மொத்தமும் வீண். கடைசில ஆக்சாலிக் கலக்காத டின் ஆக்சைடு, கொஞ்சமா தண்ணி, பேட் லேசா இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் ஓட்டு, தீய விடாத.

வெள்ளைத்தளம்
அப்படியே செஞ்சாச்சு அண்ணா. அவர்கிட்ட டார்ச்சைக் கொடுத்து நானும் பக்கத்துலயே உக்காந்துட்டேன், முதல்ல முறைச்சார், 800க்கு அப்புறம் அவரே ஆர்வமா பாக்க ஆரம்பிச்சிட்டார். தெரிஞ்சவர் கிட்ட பளபளப்பு மீட்டர் வாங்கி 60 டிகிரி கோணத்துல வெச்சுப் பாத்தேன். பழைய இடம் 58, சோதனை மூலை 79, ஹால் 88. லைட்டோட ஓரம் இப்ப தெரியுது. பொடி மேடு இன்னும் பேனாவுக்கு லேசா தட்டுது. சாம்பல் நரம்புல எந்த மாற்றமும் இல்ல.

க்ளாஸ்மீட்டர்60
58ல இருந்து 79 நல்ல நகர்வு. 70க்கு மேல போயிட்டா 20 டிகிரிலயும் ஒரு தடவை வைங்க, 60 அங்க வித்தியாசத்தை அமுக்கிக் காட்டும், உயர் பளபளப்புக்கு 20தான் பிரிச்சுக் காட்டும். ஒரே புள்ளில வைக்காம அஞ்சாறு இடத்துல வெச்சு எவ்ளோ ஏறி இறங்குதுன்னு பாருங்க, கலப்புக் கல்லுல சராசரியை விட அந்த ஏத்த இறக்கம்தான் கண்ணுக்கு மங்கலாத் தெரியும்.

சாணைக்காரன்
நரம்பு பாலிஷ்ல வராது, அதை விட்டுடு. குழியைக் காய வெச்சு, தூசியை ஊதி எடுத்துட்டு, தண்ணி மாதிரி ஓடுற எபாக்சில சாம்பல் சாயம் கலந்து நிரப்பி, இறுகினதும் 400ல இருந்து மறுபடி கொண்டு வா. பட்டி போட்ட இடம் பக்கத்துக் கல்லை விட மிருது, அதனால அங்கயே நின்னு தேய்க்காத, குறுக்கே ஓடிட்டுப் போ. ஜன்னல் வெயில் நேரா விழுற இடமா இருந்தா எபாக்சி மஞ்சளாகும், சாம்பல் சாயம்ங்கிறதால பெருசா தெரியாது.

கறுப்பு_கோடு
பச்சைக்கு நானும் ஆசிட் இல்லாத டின் ஆக்சைடு போட்டுப் பாத்தேன், பிடிச்சுக்கிச்சு. வெள்ளை நரம்பு மட்டும் கொஞ்சம் பின்தங்குது, அது கால்சைட்டுன்னா அதுக்கு மட்டும் தனியா ஆக்சாலிக் பவுடர் கைல தேய்க்கலாமா?

நுண்ணோக்கி
தேய்க்கலாம். முதல்ல துண்டுல ஒரு சொட்டு ஆசிட் வெச்சு நரம்பு நுரைக்குதான்னு பாத்துட்டு.